ஒரு ஜோடிச் சக்கரமும் இரண்டு சைக்கிளும்

எங்கள் வீட்டில் இரண்டு சைக்கிள்கள் இருந்தன. ஒன்று ஓடும்போது மற்றது மாட்டுக் கொட்டகை விட்டத்தில் கயிற்றில் தொங்கும். ஃப்ரேம்தான் இரண்டு. சக்கரம், செயின், பெடல், பெல் எல்லாம் ஒரே செட்டு. விடிகாலையில் மாமனாரின் சைக்கிளுக்கு, பகலில் என் சைக்கிளுக்கு, சாயங்காலம் மறுபடியும் அவருடையதற்கு என்று அந்த ஒரு செட்டு எங்கள் இருவருக்கும் மாடாக உழைத்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. கேரள எல்லையில் கோவிந்தாபுரத்திலிருந்து உள்ளே தள்ளி, மண்தடம் ஒன்றின் கடைசியில் மாமனாரின் தோட்டம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கணவர் வண்டிப்பெரியாரில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். அங்கே அவருக்கு நாலு ஆண்களோடு சேர்ந்து ஓர் அறை. குடும்பத்துக்கு வீடு காலியாகும்போது தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதுவரை நான் மாமனார் மாமியாரோடு தோட்டத்தில்.

பாலக்காட்டில் தங்கி டீச்சர் ட்ரெயினிங் முடித்தவள் நான். அங்கே ஹாஸ்டல் சிநேகிதி ஒருத்தியின் சைக்கிளில், முழங்கால் சிராய்த்துக்கொண்டே ஓட்டக் கற்றுக்கொண்டேன். கல்யாணமான சில மாதங்களில், கொல்லங்கோடு போகும் ரோட்டில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் நீண்ட லீவில் போனார். அந்த இடம் எனக்குக் கிடைத்தது. தற்காலிக வேலைதான். லீவில் போனவர் திரும்பி வருவதாக இல்லை என்றும், வருஷக் கடைசிக்குள் கல்வி இலாகா ஆபீசர் வந்து பார்த்து நல்லபடியாக எழுதினால் ஸ்திரமாகிவிடும் என்றும் ஹெட்மாஸ்டர் சொன்னார்.

என் மாமியாருக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. “வருசம் முடியட்டும். ஸ்திரமாச்சுன்னா போ. ஆகலீன்னா இந்த ஆட்டமெல்லாம் மூட்டை கட்டி வெச்சுட்டு ஊட்டைப் பாரு” என்றார். நானும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் மற்றதெல்லாம் தெரியவந்தது. பள்ளிக்கூடத்தை நடத்தும் மேனேஜருக்குச் சொந்தத்தில் ஒரு பெண் இதே வேலைக்குக் காத்திருப்பதாகப் பேச்சு. நான் ஒரு நாள் ப்ரேயருக்குப் பிந்திப் போனாலும் அது மேனேஜர் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அந்த ரோட்டில் பஸ் வந்தால் வந்தது, இல்லையென்றால் இல்லை.

சைக்கிள் வந்தது அப்படித்தான். எஸ்டேட் துரைசாணி ஒருத்தி ஊரை விட்டுப் போகும்போது போட்டுவிட்டுப் போன லேடீஸ் சைக்கிள் அது. மழையில் நின்று நின்று சக்கரங்கள் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டன. பச்சைப் பெயிண்ட் அடித்த ஃப்ரேமும், ஹேண்டில் பாரும், பிரேக்கும் மட்டும் கல்லுப்போல இருந்தன. கணவர் அதைக் கேட்டு வாங்கி, பஸ் மேலே ஏற்றிக் கொண்டுவந்தார். குமுளி செக்போஸ்ட்டிலும் கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டிலும் சக்கரம் எங்கே என்று கேட்டார்களாம். “பின்னால வருதுங்க” என்றாராம் இவர். மாதம் ஒரு சாமானாக வாங்கி வந்து முழுசாக்கிவிடுவதாகத் திட்டம். அந்த வருஷம் கிணறு ஆழப்படுத்தியதில் வீட்டில் எல்லோருடைய கையும் காலியாக இருந்தது.

அவர் முதல் மாதம் கொண்டுவந்தது சீட்டு. சக்கரமே இல்லாத சைக்கிளுக்கு முதலில் சீட்டு எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். சக்கரத்தைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம், செயினை வைத்துக்கொள்ளலாம். மாமனார் உட்கார்ந்த இடத்தில் மருமகள் உட்காருவது கிடையாது. மருமகள் உட்கார்ந்ததில் மாமனாரும் உட்கார மாட்டார். ஆகவே சீட்டு மட்டும் ஆளுக்கொன்று. மற்றதெல்லாம் பங்கு.

மாமனார் விடிகாலையில் கோவிந்தாபுரம் டீக்கடைகளுக்குப் பால் கொண்டுபோவார். திரும்பி வந்து சைக்கிளைக் கொட்டகை ஓரமாகக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரங்களைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, பம்புசெட்டுக்குக் குளிக்கப் போய்விடுவார். அதற்குப் பிறகுதான் நான் வெளியே வருவேன். விட்டத்திலிருந்து என் ஃப்ரேமை இறக்கி, சக்கரங்களை மாட்டி, செயினைப் போட்டு, நட்டை முறுக்கி, பெடலைத் திருகிக் கிளம்புவேன். இடது பெடல் எதிர்ப்பக்கமாகத் திருகினால்தான் ஏறும். அது தெரியாமல் முதல் நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாயங்காலம் நான் வந்து கழற்றி வைப்பேன். நான் உள்ளே போன பிறகு அவர் மாட்டிக்கொண்டு மாலைப் பாலுக்குப் போவார். கழற்றுவது ஒருவர், மாட்டுவது ஒருவர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்த இடத்தில் நின்றதில்லை.

நிற்கக்கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. மாமனாருக்கு எதிரில் மருமகள் நிற்பதில்லை, நேருக்கு நேர் பேசுவதில்லை. அவ்வளவுதான். வீட்டில் எங்களுக்கு நடுவில் மாமியார் இருந்தார். நான் பரிமாறிக்கொண்டிருப்பேன், அவர் இலைக்கு முன்னால் இருப்பார். “மோர் இருக்குதான்னு கேளு” என்பார் மாமியாரிடம். “இருக்குதுங்கன்னு சொல்லுங்கத்தை” என்பேன் நானும் மாமியாரிடம். “இருக்குதாமா” என்பார் மாமியார். மோர்ச்சட்டி என் கையிலேயே இருக்கும்.

வந்தது வினை. நாத்தனாருக்குப் பிரசவம் நெருங்கி, மாமியார் உடுமலைப்பேட்டைக்குப் போனார். குழந்தை பிறந்து ஓரளவு தேறும்வரை வரமாட்டார். இரவில் பக்கத்துத் தோட்டத்து அக்கா எனக்குத் துணையாக வந்து படுத்துக்கொள்வார். பகலெல்லாம் அந்த வீட்டில் பேசாத இரண்டு பேரும், பேச வேண்டிய ஒரு செட்டு சைக்கிள் சாமான்களும் மட்டும்தான்.

முதல் சில நாள் ஊமைப் படம் ஓடியது. பின்சக்கரத்தில் காற்றுக் குறைந்திருந்தால் அவர் பம்பை அதன் மேலேயே சாய்த்து வைத்திருப்பார். செயின் தளர்ந்துவிட்டது என்று நான் நினைத்தால் ஸ்பேனரைச் செயினுக்குள் செருகிவிட்டுப் போவேன். எல்லா விஷயத்தையும் பம்பையும் ஸ்பேனரையும் வைத்துச் சொல்ல முடியுமா? ஒரு நாள் காலை நான் சமையல்கட்டில் இருந்தபோது, கொட்டகையிலிருந்து மாமனாரின் குரல் கேட்டது.

“ஏனுங்க, முன்சக்கரத்துல ஒரு கம்பி ஒடைஞ்சிருக்குது. பள்ளம் மேடு பாத்துப் போகோணும்.”

யாரோ வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். கொட்டகையில் அவரும் கன்றுக்குட்டியும்தான் இருந்தார்கள். அவர் கன்றுக்குட்டியைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பிறந்து ஒரு மாதம் ஆகாத அதற்கு “ஏனுங்க” என்று மரியாதை வேறு. சொல்லிவிட்டுச் சற்று நேரம் நின்றார். உள்ளிருந்து மறுப்பு எதுவும் வரவில்லை என்றதும் சரி என்று எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். எங்கள் வீட்டில் மருமகளின் மௌனம் என்றால் சம்மதம்.

அன்று சாயங்காலம் நான் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கன்றின் கழுத்தைத் தடவிக்கொண்டே, சுவருக்கு அந்தப் பக்கம் கயிற்றுக் கட்டிலில் இருந்தவருக்குக் கேட்கும்படி, “கம்பி மாத்தியாச்சு. ஸ்கூலுக்குப் பக்கத்துல ஒரு சைக்கிள் கடை இருக்குது” என்றேன். கட்டிலிலிருந்து ஒரு இருமல் வந்தது. ஆகட்டும் என்று அர்த்தம்.

இப்படி அந்தக் கன்றுக்குட்டி எங்கள் வீட்டுத் தபால் ஆபீஸ் ஆனது. அரிசி தீர்ந்துவிட்டது, கரண்ட் ஆள் வந்தான், மகனிடமிருந்து கடுதாசி வந்திருக்கிறது, எல்லாம் அதனிடம்தான். பாவம், அது காதை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொள்ளும். எனக்குச் சிரிப்பாகவும் வரும், சில நாள் எரிச்சலாகவும் வரும். பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகளைச் சத்தம் போட்டு மேய்க்கிறவள், வீட்டில் மாட்டிடம் பேசுகிறேனே என்று.

ஆனாலும் சொல்லாமலே சில காரியங்கள் நடந்தன. காலையில் நான் மாட்ட வரும்போது செயின் பளிச்சென்று துடைத்திருக்கும். என் சேலையில் ஒருமுறை கிரீஸ் கறை பட்டதை அவர் கொடியில் பார்த்திருக்க வேண்டும். நட்டுகள் தொலையாமலிருக்க ஒரு தேங்காய்த் தொட்டியில் போட்டு வைத்திருப்பார். பக்கத்தில் கை துடைக்க, துவைத்த துணி ஒன்று மடித்திருக்கும். நானும் சாயங்காலம் கழற்றும்போது பின் டயருக்குக் காற்றை இன்னும் கொஞ்சம் ஏற்றி வைப்பேன். பால்கேன் பாரம் தாங்க வேண்டுமே. என் அப்பாகூட எனக்காக இத்தனை பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை. அது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. சொல்வதற்குத்தான் வழியில்லை.

வருஷக் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, நாளைக்கு ஆபீசர் வருகிறார், ப்ரேயருக்கு முன்னாலேயே வந்துவிட வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து சக்கரங்களைக் கழற்றும்போதே கன்றுக்குட்டியிடம் சொன்னேன். “நாளைக்கு ஆபீசர் வர்றாரு. என்ற வேலை நாளைக்குத்தான் முடிவாகும். சக்கரம் வெள்ளெனவே வேணும்.” சுவருக்கு மேலாகக் கட்டிலின் தலைமாட்டில் அவருடைய துண்டு தெரிந்தது. இருமல் வரவில்லை. மௌனம் சம்மதம்தானே. நான் நிம்மதியாகப் பக்கத்துத் தோட்டத்து அக்காவிடம் இஸ்திரிப் பெட்டி கேட்டு வரப் போனேன். நாளைக்குச் சேலை கசங்கியிருக்கக் கூடாது.

துண்டுதான் அங்கே இருந்தது. ஆள் வாழைக்குத் தண்ணீர் திருப்பிவிடப் போயிருந்தார்.

அவர் திரும்பி வந்து தன் சைக்கிளுக்குச் சக்கரம் மாட்டிவிட்டு, என் ஃப்ரேமைத் தூக்கி விட்டத்தில் மாட்டும்போது, சீட்டுக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசலைப் பார்த்திருக்கிறார். திக்கென்றிருக்கிறது. மருமகள் இதில் போய் நடுரோட்டில் விழுந்தால்? கன்றுக்குட்டியிடம் விவரமாகச் சொல்லியிருக்கிறார். ஃப்ரேமில் விரிசல் விட்டிருக்கிறது, காலையில் பாலோடு அதையும் எடுத்துப்போய் செக்போஸ்ட் வெல்டிங் பட்டறையில் கொடுக்கிறேன், நாளை ஒரு நாள் பஸ்ஸில் போகட்டும், ஏதாவது ஆட்சேபணை இருந்தால் சொல்லட்டும் என்று. உள்ளிருந்து சத்தம் இல்லை. சம்மதம் என்று அவரும் நிம்மதியாகிவிட்டார். நான்தான் அக்கா வீட்டில் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி ஊதிக்கொண்டிருந்தேனே.

ஆக, இரண்டு சேதியும் தெரிந்தது கன்றுக்குட்டிக்கு மட்டும்தான்.

காலையில் இஸ்திரி போட்ட சேலையோடு கொட்டகைக்கு வந்து நின்றேன். விட்டத்தில் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஃப்ரேம் இல்லை. மாமனாரும் இன்னும் வரவில்லை. முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு கண்டபடி புரியத் தொடங்கியது. அத்தை சொல்லிவிட்டுப் போயிருப்பார், வேலையை நிறுத்துவதற்கு இதுதான் வழி என்று இவர் எடுத்து ஒளித்துவிட்டார் என்றெல்லாம் மனசு ஓடியது. ரோட்டுப் பக்கம் காலை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போன சத்தம் கேட்டது. வண்டி மாடுகளை இரவல் கொடுத்திருந்ததால் வண்டி பூட்டவும் வழியில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அவர் காலி பால்கேன்களோடு வந்து இறங்கினார். கொட்டகையில் நான் நிற்பதைப் பார்த்ததும் தயங்கினார். இஸ்திரி போட்ட சேலையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்காமல் பார்த்தார். ஏதோ கோளாறு என்று புரிந்துவிட்டது. வழக்கப்படி கன்றுக்குட்டியின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. “அதுகிட்டக் கேக்காதீங்க மாமா!” என்று கத்திவிட்டேன். “அதுக்கு எல்லாந் தெரியும். எனக்குத்தான் ஒண்ணுந் தெரியாது!”

நான் அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். நல்ல வார்த்தையாக இருந்திருக்கலாம். அவர் அசந்துபோய் நின்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “என்னாச்சு அம்மணி?” என்றார். அம்மணி என்று அவர் என்னைக் கூப்பிட்டதும் முதல் முறை. நான் அழுதுகொண்டே ஆபீசர் விஷயத்தைச் சொன்னேன். அவர் தரையிலிருந்து கண்ணை எடுக்காமல் விரிசலைச் சொன்னார். நேற்று யார் எங்கே இருந்தோம் என்பது இருவருக்கும் விளங்கியது. இருவரும் சேர்ந்து கன்றுக்குட்டியைப் பார்த்தோம். அது சாக்கை மென்றுகொண்டிருந்தது.

“ஏறு” என்றார். “நான் கொண்டுபோய் உடறேன்.”

ஏறு என்று சொல்லிவிட்டாரே ஒழிய, எப்படி ஏறுவது? கேரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து ஒருவர் முதுகைப் பிடித்துக்கொண்டு போவதென்றால் அது பெண்டாட்டி போகும் விதம். மாமனார் பின்னால் மருமகள் அப்படிப் போனதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. கோவிந்தாபுரம் கடைவீதியைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம். அவரும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சங்கடத்தோடு நின்றார். நேரம் ஓடியது. யோசிக்க நேரமில்லாததால்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கோணிச் சாக்கை மடித்துக் கேரியரில் போட்டேன். அவருக்கு முதுகைக் காட்டி, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, கால் இரண்டையும் பின்னால் தொங்கவிட்டு, கேரியர் கம்பியை இரு கையாலும் பிடித்துக்கொண்டேன். நடுவில் பையை வைத்துக்கொண்டேன்.

“ஏறியாச்சுங்க” என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மிதித்தார். அவர் வருகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டு போனார், நான் போகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டு போனேன். தென்னந்தோப்பும் வரப்பும் எங்கள் கொட்டகையும் என்னைவிட்டு விலகிக்கொண்டே போயின. ஒவ்வொரு பள்ளமும் எனக்கு இடித்த பிறகுதான் தெரிந்தது. சற்றுத் தூரம் போனதும் அவராகவே, “பள்ளம் வருது அம்மணி” என்று முன்கூட்டிச் சொல்லத் தொடங்கினார்.

கடைவீதியில் டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரும் கையுமாக வெளியே வந்துவிட்டார். “ஏனுங்க, பால் கொண்டு வர்ற வண்டியில இன்னைக்கு டீச்சரா?”

“ரெண்டும் ஒண்ணுதானுங்க” என்றார் மாமனார், நிறுத்தாமலே. “நேரத்துக்குப் போய்ச் சேரலீன்னா திரிஞ்சு போயிரும்.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தது எனக்குத்தான் நெடுநேரம் தெரிந்தது. நான்தானே அவர்களைப் பார்த்துக்கொண்டு போனேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மனிதருக்கு இப்படியெல்லாம் பேச வருமா?

கடைவீதி தாண்டி ரோடு ஓய்ந்ததும் பேச்சு தானாக வந்தது. முகம் பார்க்க வேண்டியதில்லை அல்லவா.

“சாம்பார்ல புளி சாஸ்தியாப் போடறனுங்களா மாமா?”

“கொஞ்சம்.”

“இத்தனை நாளா ஏனுங்க சொல்லலை?”

“அதுகிட்ட எப்படிச் சொல்றது? கன்னுக்குட்டி என்ன சாம்பாரா குடிக்குது?” சற்று நேரம் மிதித்துவிட்டு, “கொள்ளு ரசம் நல்லா வெக்கறே. அதையும் சொல்ல முடியல” என்றார்.

“உங்க இருமலுக்கு மருந்து வாங்கோணுமுங்க.”

“அது இருமலில்ல. உனக்குப் பதில் சொல்றது.”

அவர் முதுகு குலுங்குவது கேரியர் வழியாக எனக்குத் தெரிந்தது. பிறகு ஏற்றம் வந்தது. மூச்சு வாங்க மிதித்தார். இறங்கி நடக்கிறேன் என்றேன், கேட்கவில்லை. ஏற்றத்தின் நடுவில், பேச்சுக்கு நடுவே மூச்செடுத்துக்கொண்டு கேட்டார்.

“ஸ்திரமாயிருமா அம்மணி?”

“தெரியலீங்க மாமா.”

“ஆகலீன்னா?”

“நின்னுக்கறேன்னு அத்தைகிட்டச் சொல்லியிருக்கறேனுங்க.”

செயின் கிறீச்சிட, சைக்கிள் ஏற்றத்தின் உச்சிக்கு வந்தது. இறக்கத்தில் சைக்கிள் தானாக ஓடத் தொடங்கிய பிறகு மெதுவாகச் சொன்னார். “நீ நின்னுட்டீன்னா, காலையில நான் ஆருக்குச் சக்கரத்தைக் கழட்டறது?”

எனக்கு முன்னால் ரோடு கலங்கிப் போயிற்று. நல்லவேளை அவர் பார்க்க முடியாது.

பள்ளிக்கூடத்துக்குச் சற்று முன்னால் வளைவில் நிறுத்தினார். நான் இறங்கினேன். அவர் முன்னால் பார்த்தபடியே, “ஓடு” என்றார். நான் ஓடினேன். ப்ரேயர் மணிக்குக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த பியூன் என்னைப் பார்த்து நிறுத்தி, நான் வரிசைக்கு வந்த பிறகு அடித்தார்.

ஆபீசர் மலையாளி. தமிழ் நன்றாகப் புரியும். என் இரண்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்துகொண்டு, பக்கத்திலிருந்த பெண்குழந்தையிடம் உங்கள் டீச்சர் எப்படி என்றார். அதன் அப்பா லாரி ஓட்டுபவர். “எங்க டீச்சர் இன்னைக்கு ரிவர்ஸ்ல வந்தாங்க சார்” என்றது. வளைவில் நின்று பார்த்திருக்கிறது. வகுப்பே சிரித்தது. எனக்குப் பூமி பிளந்துகொள்ளாதா என்றிருந்தது. அவர் விவரம் கேட்டார். மறைக்கத் தோன்றவில்லை, இரண்டு ஃப்ரேம், ஒரு செட்டு, கன்றுக்குட்டி என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கரும்பலகையைக் காட்டி, பாடத்தை நடத்துங்கள் என்றார். நடத்தினேன். மத்தியானம் கிளம்பும்போது ஹெட்மாஸ்டர் அறை வாசலில் நின்று, எனக்கும் மேனேஜருக்கும் கேட்கும்படி, “ஈ டீச்சர் மதி. வேறே ஆள் வேண்டா” என்று, இந்த டீச்சரே போதுமென்று மலையாளத்தில் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். அதன் பிறகு நான் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

பள்ளிக்கூடம் விட்டு வெளியே வந்தால், வேலியோரமாக மாமனார் என் பச்சை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். சீட்டுக்குக் கீழே வெல்டிங் வைத்த இடம் கறுப்பாகத் தெரிந்தது. தன் சைக்கிளைப் பட்டறையில் போட்டு, சக்கரங்களைக் கழற்றி இதற்கு மாட்டியிருக்கிறார். அவர் வேட்டியெல்லாம் புழுதி. அப்போதுதான் புரிந்தது. கோவிந்தாபுரத்திலிருந்து இவ்வளவு தூரமும் இதைத் தள்ளிக்கொண்டே நடந்து வந்திருக்கிறார். சக்கரம் அவருடையது, செயின் அவருடையது, பெடல் அவருடையது. சீட்டு மட்டும் என்னுடையது.

நான் ஹேண்டில் பாரைப் பிடித்தேன். ஏறிப் போ என்பதுபோல் அவர் நகர்ந்து நின்றார். அவர் நடக்க, நான் எப்படி ஓட்டிக்கொண்டு போவது? நானும் ஏறவில்லை. ஆக, சக்கரம் செயின் பிரேக் பெல் எல்லாம் சரியாக இருக்கிற ஒரு சைக்கிளை, ஓட்டத் தெரிந்த இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கமாக நடந்து தள்ளிக்கொண்டு போனோம்.

காலையில் அத்தனை பேசியவர்களுக்கு இப்போது ஒரு வார்த்தை வரவில்லை. பக்கத்துப் பக்கத்தில் நடந்தால் முகம் தெரிகிறதே. கேட்க வேண்டும் என்று அவர் தொண்டையைச் செருமுவார், பிறகு ரோட்டைப் பார்ப்பார். சொல்ல வேண்டும் என்று நான் அவர் பக்கம் திரும்புவேன், பிறகு ஹேண்டில் பாரைப் பார்ப்பேன். கன்றுக்குட்டியும் கூட இல்லை.

டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் மறித்தார். “ஏனுங்க, பொழுது எறங்கப்போகுது. பாலெங்கீங்க?” அந்த மனிதர் மழைக்கும் காய்ச்சலுக்கும் ஒரு வேளைப் பாலை நிறுத்தியதில்லை.

“இன்னைக்கு இல்லீங்க” என்றார் மாமனார். “பூராவும் கன்னுக்குட்டிக்கு.”

கடைவீதியைத் தாண்டி எங்கள் மண்தடத்தில் திரும்பினோம். இரண்டு பக்கமும் நிலக்கடலைக் காடு. தெற்கே நெல்லியாம்பதி மலை. ஆள் நடமாட்டம் இல்லை. பாதித் தடத்தில் அவர் நின்றார். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். என்ன என்று நான் பார்ப்பதற்குள், எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மலையைப் பார்த்து நின்றுகொண்டார்.

“இப்பச் சொல்லு அம்மணி” என்றார்.

நானும் திரும்பி நின்றேன். எங்கள் இருவருக்கும் நடுவில் சைக்கிள் நின்றது. “ஸ்திரமாயிருச்சுங்க மாமா” என்றேன். “நாளைக்குக் காலையில சக்கரம் வேணுமுங்க.”

வழக்கமான இருமல் வரவில்லை. திரும்பிப் பார்க்கலாமா என்று நினைத்தேன், பார்க்கவில்லை. சற்று நேரம் கழித்து, என் முதுகுக்குப் பின்னால் சைக்கிள் பெல் அடித்தது. நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தது.